ரதர்க்ளெனில் விட்டுவந்த கணவன்

ஜீலாங்
1 ஏப்ரல் 1979, ஞாயிறு

அல்பி,

நேற்று நீ போன் செய்தபோது லைன் தானாக அறுந்துபோகவில்லை. நான்தான் வைத்தேன். இனியும் வைப்பேன். போனில் நீ எதையாவது வேடிக்கையாகச் சொல்வாய், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், பேச வேண்டியது பேசாமலே போய்விடும். முப்பது வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. சொல்வதை எழுதிச் சொல். நீ எழுதும் அழகில் யாருக்கும் சிரிப்பு வராது.

உனக்குப் பிறகு அந்த ஒயின் தோட்டத்துக்கார அம்மாள், விடா ஸ்ட்ரேக்கர், கூப்பிட்டாள். "உங்க வீட்டுக்காரர் ஆளுங்க தங்கற கொட்டகையில இருக்காரு. உடம்பு சரியில்லாம படுத்துட்டாரு, இப்ப பரவாயில்ல" என்றாள். என்ன உடம்பு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த ஒயின் கொட்டகையில் நான் கண்டதை எழுதிவிடுகிறேன், பிறகு நீ வேறு மாதிரி சொல்லக்கூடாது. நான் கை கழுவப் போய்த் திரும்பி வர ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நீ பீப்பாய்களுக்கு நடுவில் நின்றிருந்தாய். கையில் காலிக் கண்ணாடிக் கோப்பை. என்னைப் பார்த்ததும் புறங்கையால் வாயைத் துடைத்தாய். இருபது வருஷத்துக்கு முன்னால் தினமும் பார்த்த அதே துடைப்பு. எனக்குக் கால் தானாகக் காரை நோக்கி நடந்தது. நீ பின்னாலேயே ஓடி வருவாய் என்று நினைத்தேன். கேட் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன், நீ நின்ற இடத்திலேயே நின்றிருந்தாய். வழியில் மோட்டலில் உன் பெட்டியை இறக்கிய பிறகு, சீமோர் ஊர் வரை எங்கேயும் நிறுத்தவில்லை. அங்கே பெட்ரோல் போட்ட பையன் "எல்லாம் சரியாம்மா?" என்று கேட்டபோதுதான் நான் அழுதுகொண்டே ஓட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மகள் க்வெண்டாவிடம் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். இருபது வருஷம் கழித்து உனக்காக மறுபடி பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். உன் பெட்டியை மோட்டலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தேன், போய் எடுத்துக்கொள்.

ஒரே ஒரு கேள்வி. குடித்தாயா?

கோரலி

•

ஸ்ட்ரேக்கர் தோட்டம், ரதர்க்ளென்
5 ஏப்ரல்

என் கோரலி,

உன் கடிதம் நேற்று வந்தது. உறையில் என் பெயரை நீ அழுத்தி எழுதியிருந்ததைப் பார்த்தே பாதி புரிந்துவிட்டது.

நீ போன பிறகு நான் நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தோளில் உன் கம்பளிச் சட்டை, கோட்டுப் பையில் வரைபடம், வேறு ஒன்றும் இல்லை. கிழவர் ஸ்ட்ரேக்கர் வாசல்வரை வந்து புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதாவது மறந்துட்டாங்களா?" என்றார். "ஆமாங்க, என்னைத்தான்" என்றேன். எழுத்திலும் எனக்கு வேடிக்கை வருகிறது பார்.

கேட்டதற்குப் பதில்: குடிக்கவில்லை. கிழவர் தன் கையாலேயே பீப்பாயிலிருந்து எடுத்து நீட்டினார். வாங்காவிட்டால் அவருக்கு முகம் சுருங்கியிருக்கும். வாங்கினேன். முகர்ந்தேன். உதட்டில் கொஞ்சம் பட்டது. மீதியை அவர் பார்க்காதபோது மண் தரையில் சாய்த்துவிட்டேன். நான் துடைத்தது உதட்டில் பட்டதைத்தான். நீ நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை எனக்கு உடம்பு சரியில்லாமல்தான் போனது. வெயில்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால், திராட்சை பறிக்க ஆள் போதாமல் அவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் போக இடம் இல்லை. காலை ஆறரைக்கு வாளியும் கத்தரிக்கோலும் கொடுத்துவிடுகிறார்கள். என் வரிசையில் சில்வானோ என்று ஓர் இத்தாலிக்காரன். முதல் நாள் நான் குனிந்து குனிந்து பறிப்பதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, சர்ச்சுல மண்டி போடுற மாதிரி போடு. முதுகும் பிழைக்கும், பாவமும் தீரும்" என்றான். கம்பளிக் கிடங்கில் முப்பத்தைந்து வருஷம் பொதி தூக்கிய எனக்கு இவன் சொல்லித் தருகிறான். ஆனால் சொன்னது சரிதான்.

இந்தப் பயணத்தில் ஆறு நாள் நாம் எவ்வளவு நன்றாக இருந்தோம், கோரலி. மால்டனில் ஓடையில் தட்டை வைத்துக்கொண்டு நீ தங்கம் அலசினாயே, பாவாடை முழங்கால்வரை நனைந்து, கடைசியில் கடுகளவு ஒன்று மின்னியதும் "அல்பி! பணக்காரியாயிட்டேன்!" என்று கத்தினாயே, அங்கிருந்த சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களே. பெண்டிகோ சுரங்கத்தில் என் தாத்தா இருமி இருமிச் செத்த ஆழத்துக்கு இறங்கியபோது நான் பாறையைத் தொட்டுப் பார்த்தேன். நீ என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாய். ஒன்றும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நீ ஐந்து நிமிஷத்தில் என்னை விட்டுவிட்டுப் போவாயா?

வரச் சொல். வருகிறேன்.

அல்பி

•

ஜீலாங்
8 ஏப்ரல்

அல்பி,

மண் தரையில் சாய்த்தாயா? அந்தக் கொட்டகையின் தரை சிமெண்ட். உள்ளே நுழைந்தபோதே என் செருப்பு அதில் சத்தம் போட்டது. நான் நின்று பார்த்தேன். உன் காலடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நீ குடித்ததைவிட இந்தச் சிமெண்டை மண்ணாக்கியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய நாளில் இப்படித்தான் தொடங்கும். முதலில் ஒரு சின்னப் பொய், அதில் ஒரு வேடிக்கை, பிறகு என்னையே குற்றம் சொல்வது. "நீ நின்று கேட்டிருந்தால்." ஒரே கடிதத்தில் மூன்றையும் எழுதிவிட்டாய்.

நாம் இருபது வருஷமாக வாயெடுத்துச் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். 1959 பிப்ரவரி. க்வெண்டாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் சாராயக்கடை முன்னால் காரை நிறுத்தினாய். "ரெண்டே நிமிஷம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாய். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போனாய், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்று. அன்றைக்கு நூற்று நான்கு டிகிரி வெயில். ரொட்டி வண்டிக்காரர் அந்த வழியாக வந்து கல்லால் கண்ணாடியை உடைத்துக் குழந்தையை வெளியே எடுத்தபோது அவளுக்குச் சுயநினைவு இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். ஆறு மணிக்குக் கடை அடைத்த பிறகுதான் உன்னால் வெளியே வர முடிந்தது.

அதற்குப் பிறகு நீ தொடவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அந்தக் காலிக் கோப்பையைப் பார்த்து என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வரச் சொல் என்று கேட்கிறாய். மறுபடி கேட்கிறேன், குடித்தாயா?

கோ.

•

ரதர்க்ளென்
11 ஏப்ரல்

கோரலி,

நீயே கேட்டுக்கொண்டிருக்கிறாய். இந்த முறை நான் கேட்கிறேன்.

நேற்று மழை, பறிப்பு இல்லை. கோட்டுப் பையில் இருந்த வரைபடத்தை எடுத்து ஜன்னலோரம் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் வந்த வழியைத்தான் விரலால் தொட்டுக்கொண்டு வந்தேன். ரதர்க்ளென் பக்கம் வந்ததும் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஆறு இடத்தில் வட்டம் போட்டு, ரப்பரால் அழித்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிகிறது. பென்சிலை அழுத்துவது உன் பழக்கம். ஆறும் ஒயின் தோட்டங்கள். நாம் போனது அதில் மூன்றாவது.

பீச்வொர்த்தில் சாப்பாட்டு மேஜையில் நீ என்ன சொன்னாய்? "யாக்கண்டாண்டா போற ரோட்டுல பாலம் வேலை நடக்குதாம், நாம ரதர்க்ளென் வழியாச் சுத்திப் போகலாம்." நான் சரி என்றேன். இன்று காலை சில்வானோவிடம் கேட்டேன். அவன் போன வாரம்தான் அந்த வழியாக வந்தானாம். "என்ன பாலம்? என்ன வேலை?" என்று சிரிக்கிறான்.

என்னை அந்தக் கொட்டகைக்கு நீயேதான் கூட்டிப் போனாய். உள்ளே விட்டுவிட்டுக் கை கழுவப் போனாய். அந்த ஐந்து நிமிஷமும் நீ கணக்கிட்டு வைத்ததுதானா?

முப்பதாவது கல்யாண நாளுக்குப் போகிறோம் என்று கிடங்கு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நீ என்னைத் தங்கத்தை உரசிப் பார்ப்பது போல உரசிப் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறாய்.

முதலில் நீ பதில் சொல்.

ஆல்பர்ட் ட்ரெவின்

•

ஜீலாங்
14 ஏப்ரல், ஈஸ்டர் சனிக்கிழமை

அல்பி,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நம் கல்யாணப் பதிவுக்குப் பிறகு உன் முழுப் பெயரை உன் கையெழுத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஆமாம். வட்டம் போட்டது நான். பாலம் வேலை என்பது பொய். கை கழுவ எனக்குத் தேவை இருக்கவில்லை. கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படி.

பிப்ரவரியில் க்வெண்டா என்னிடம் ஒன்று கேட்டாள். மே மாதம் அவள் நூலக வேலைக்குத் திரும்ப வேண்டும். "அப்பா ரிட்டயர் ஆகப் போறாருல்ல, திங்களும் வியாழனும் என் டாம்சினைப் பார்த்துக்குவாராம்மா? நீ கடைக்குப் போயிடுவ, அவர்தானே வீட்டுல இருப்பாரு" என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ குதித்துக்கொண்டு சரி என்பாய். பிறகு திங்களும் வியாழனும் நான் துணிக்கடையில் மீட்டர் மீட்டராக வெட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து மாதக் குழந்தை. அதற்குக் கண்ணாடியைத் தட்டக்கூடத் தெரியாது.

நீ குடிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. குடிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருபது வருஷமாக இருக்கிறேன். நீ வேலையிலிருந்து வந்ததும் வாசலில் உனக்கு முத்தம் கொடுப்பேனே, அதைப் பார்த்து உன் தங்கைகூட "இந்த வயசிலும் பாருங்க" என்று கேலி செய்வாளே. அல்பி, அது முத்தம் இல்லை. மோப்பம். ஒவ்வொரு நாளும் மோந்து பார்த்துவிட்டுத்தான் உன்னை உள்ளே விட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். ஒரு கோப்பையை யாராவது நீட்டுவார்கள், நீ வேண்டாம் என்பாய், நான் வெளியிலிருந்து கேட்பேன், அத்துடன் என் பயம் முடிந்துவிடும், க்வெண்டாவிடம் சரி என்று சொல்லிவிடலாம். இவ்வளவுதான் திட்டம். இப்போது எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது.

பீச்வொர்த்தில், நாம் கிளம்பிய வெள்ளிக்கிழமை காலையில், நீ தேன் கடையில் எட்டு வகைத் தேனையும் நக்கிப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாயே. "இது மாமியார் தேன், முதல்ல இனிக்குது, அப்புறம் தொண்டையில நிக்குது." கடைக்காரப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அப்போது, வேண்டாம், வீட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று வாய்வரை வந்தது. அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் நீ இன்று இங்கே இருந்திருப்பாய். சொல்லவில்லை.

நான் செய்தது தப்பு. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கேள்வி கேள்வியாகவே இருக்கிறது, அல்பி. நான் கதவைத் திறந்துவிட்டேன். கோப்பையைத் தூக்கியது யார்?

கோரலி

•

ரதர்க்ளென்
20 ஏப்ரல்

கோரலி,

உன் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை முதல் தினமும் படித்துக்கொண்டிருக்கிறேன். மோப்பம் என்று எழுதிய இடம் வந்ததும் மடித்து வைத்துவிடுவேன். பிறகு மறுபடி எடுப்பேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எனக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். வேலை விட்டு வரும்போது தெரு முனையில் நின்று புதினா மிட்டாய் வாயில் போட்டுக்கொள்வேன். குடிக்காத மனுஷனுக்குப் புதினா எதற்கு? நீ மோந்தால் நல்ல வாசனையாக இருக்கட்டும் என்றுதான். ஆக, இரண்டு பேருமே அந்த வாசலில் நடித்துக்கொண்டிருந்தோம்.

குடித்தேன்.

நீ வந்தபோது பார்த்தது முதல் கோப்பை. ஒரு மிடறு இல்லை, முழுதும். நீ காரை எடுத்துக்கொண்டு போனபின் இன்னும் மூன்று. அதற்கும் நீ காரணம் என்று எழுத மூன்று நாள் முயற்சி செய்து தாள்களைக் கிழித்துப் போட்டேன். நீ காரணம் இல்லை. நான்காவதுக்குப் பிறகு பீப்பாய்களுக்கு இடையில் வாந்தி எடுத்தேன். அறுபது வயது மனுஷன். விடா அம்மாள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், என் சட்டையையும் துவைத்துப் போட்டாள். "உடம்பு சரியில்லை" என்று உன்னிடம் சொன்னது அவள் பெருந்தன்மை.

ஏன் குடித்தேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே இப்போதுதான் பிடிபடுகிறது. கிழவர் "பதினெட்டு வருஷப் பீப்பாய், எல்லாருக்கும் தர்றதில்ல, உங்க முகம் பிடிச்சிருக்கு" என்று நீட்டினார். பக்கத்தில் சிட்னிக்காரர்கள் இரண்டு பேர், நல்ல கோட்டு போட்டவர்கள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிடங்கில் யாராவது கூப்பிட்டால் வயிற்றுப் புண் என்பேன். கிறிஸ்மஸ் விருந்தில் மாத்திரை சாப்பிடுகிறேன் என்பேன். கல்யாண வீட்டில் காரோட்ட வேண்டும் என்பேன். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட, ஒரு மனுஷனிடம்கூட, நான் குடிகாரன், அதனால் தொட மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்றைக்கும் வயிற்றுப் புண் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. காய்ந்த திராட்சையும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி. பொய் வரவில்லை. உண்மையைச் சொல்ல வெட்கம். கை போய்விட்டது. அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுக்கிறார்கள், என் பாட்டிலைச் சில்வானோ எடுத்துக்கொள்கிறான். இருபது வருஷம் போய் இன்றைக்கு இருபத்தோரு நாள்.

க்வெண்டாவிடம் முடியாது என்று சொல்லிவிடு. டாம்சினைப் பார்த்துக்கொள்ள வேறு யாரையாவது வைக்கட்டும். அந்தக் குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கும், உனக்குத் தெரியும். அதற்காகவே சொல்கிறேன், வேண்டாம்.

உன்னை மன்னிக்க ஒன்றும் இல்லை. நீ என்னை மன்னிப்பாயா என்று கேட்கவும் இப்போது எனக்குத் துணிச்சல் இல்லை.

அல்பி

•

ஜீலாங்
23 ஏப்ரல்

அல்பி,

சமையலறையில் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தேன். "குடித்தேன்" என்று நீ தனி வரியாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் ஏனோ மூச்சு விட முடிந்தது. மூன்று வாரமாக விடவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை க்வெண்டா வந்திருந்தாள். காய்ச்சல் கதையை அவள் நம்பவே இல்லை. "மூணு வாரமா என்னம்மா காய்ச்சல்? அப்பா என்ன மலேரியா காட்டுலயா இருக்காரு?" என்றாள். நான் என் பாதியை மட்டும் சொன்னேன். வட்டம், பாலம், கதவுக்கு வெளியே நின்றது. நீ குடித்ததைச் சொல்லவில்லை. அது உன் வாயிலிருந்து போக வேண்டியது.

அவளுக்கு அந்தக் கார் விஷயம் நினைவில்லை என்று நாம் இருவரும் இத்தனை நாள் நினைத்திருந்தோம். "அம்மா, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள். "சீட்டு சூடாகித் தொடையில ஒட்டிக்கிச்சு. நான் பாட்டு பாடிக்கிட்டு இருந்தேன். அப்புறம் மடியெல்லாம் கண்ணாடி."

"தெரிஞ்சுமா உன் பிள்ளையை அவருகிட்ட விடக் கேட்ட?" என்றேன்.

"அதுக்கப்புறம் நடந்ததும் ஞாபகம் இருக்கே. காலை அஞ்சு மணி ஷிஃப்டுக்கு மாறினாரு, எதுக்கு? பத்து வருஷம், ஒரு நாள் விடாம, மணி மூணுக்கே பள்ளிக்கூட வாசல்ல வந்து நிப்பாரு. மணி அடிக்கறதே மூணரைக்கு. மழையில தொப்பி சொட்டச் சொட்ட நிப்பாரு. பொண்ணுங்க எல்லாம் 'க்வெண்டாவோட போலீஸ்காரர் வந்துட்டாரு'ன்னு கேலி பண்ணுவாங்க. அதனாலதான் கேட்டேன்."

பிறகு என்மேல் பாய்ந்தாள். "நீ செஞ்சது அநியாயம்மா. அவரை ஓடையில தள்ளிட்டு நீந்துறாரான்னு பார்ப்பியா? சந்தேகம் இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம், அவர்கிட்ட சொல்லியிருக்கலாம். வரைபடத்துலதான் சொல்லணுமா?" டாம்சின் என் மடியில் உட்கார்ந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடியாது என்று அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும், அல்லது வேறு எதையாவது சொல்ல வேண்டும்.

மன்னிப்பதைப் பற்றி: நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அந்த மூன்று கோப்பையை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் நேற்று சாயங்காலம், நீ வேலையிலிருந்து வருகிற அந்தப் பழைய ஐந்தரை மணிக்கு, வாசல்பக்கம் போய் நின்றுவிட்டேன். யாரும் வரவில்லை. எனக்கு மோந்து பார்க்க ஆளில்லை என்று சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பறிப்பு எப்போது முடிகிறது?

கோரலி

•

ரதர்க்ளென்
27 ஏப்ரல்

கோரலி,

பறிப்பு நேற்று முடிந்தது. முடிவில் இங்கே ஒரு வழக்கம். கொட்டகைக்கு வெளியே நீள மேஜை போட்டு எல்லாருக்கும் சாப்பாடு. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, சில்வானோவின் மனைவி செய்து கொண்டுவந்த ஏதோ ஒரு மாவுப் பண்டம், பெயர் வாயில் நுழையவில்லை, ஆனால் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இருபத்தேழு பேர் உட்கார்ந்திருந்தோம்.

சாப்பாடு முடிந்ததும் கிழவர் ஸ்ட்ரேக்கர் எழுந்தார். அதே பீப்பாயிலிருந்து ஒரு ஜாடியில் எடுத்து வந்து ஒவ்வொருவர் கோப்பையிலும் தானே ஊற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் தோளைத் தட்டி, "அல்பிக்கு ரெண்டு பங்கு. நம்ம கூட்டத்துலயே வயசான ஆளு, ஒரு நாள்கூட லீவு போடல" என்றார். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள்.

வயிற்றுப் புண் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நீ க்வெண்டா சொன்னதாக எழுதியிருந்தாயே, மடியெல்லாம் கண்ணாடி என்று. அது கண்முன் வந்தது. கோப்பையைக் கையால் மூடினேன்.

"எனக்கு வேண்டாங்க. நான் குடிகாரன். ஒண்ணு உள்ள போனா நிறுத்தத் தெரியாது. வந்த அன்னிக்கே பார்த்தீங்களே" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மேஜை முழுக்க என் பக்கம் திரும்பியது. என் காது கொதித்தது. அறுபது வருஷத்தில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன், பெஞ்சில் இரண்டு பக்கமும் ஆள்.

கிழவர் ஜாடியை நிமிர்த்திக்கொண்டார். "அப்படியா" என்றார். "அப்ப டீ குடிக்கிறியா?"

அவ்வளவுதான், கோரலி. வேறு ஒன்றுமே நடக்கவில்லை. விடா அம்மாள் டீ கொண்டுவந்தாள். சில்வானோ "அப்ப இவரோட ரெண்டு பங்கும் எனக்கு" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், பேச்சு கால்பந்துக்குப் போய்விட்டது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்து நான் இருபது வருஷம் விருந்துகளில் மூலையில் நின்றிருக்கிறேன். டீ ஆறும்வரை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு குடித்தேன்.

சாப்பாடு முடிந்த கையோடு க்வெண்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இதே தபாலில் போகிறது. நான்கு கோப்பையையும் எழுதியிருக்கிறேன். வாந்தியையும் எழுதியிருக்கிறேன். 1959க்கு அவளிடம் நான் கேட்காத மன்னிப்பையும் கேட்டிருக்கிறேன். முடியாது என்று எழுதவில்லை. "உன் பிள்ளை, நீ முடிவு பண்ணு. நீ என்ன சொன்னாலும் சரி" என்று எழுதியிருக்கிறேன். நான் வேண்டாம் என்று முந்திக்கொண்டதுகூட ஓடி ஒளிவதுதான் என்று பட்டது.

தோட்டத்தைச் சுத்தம் செய்ய இன்னும் ஒரு வாரம் வேலை இருக்கிறது, அடுத்த வெள்ளிக்கிழமை காலை சில்வானோ என்னை வங்கராட்டா ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறான். ரயிலில் வருகிறேன். நீ வாசலில் நிற்க வேண்டும் என்றில்லை.

அல்பி

•

ஜீலாங்
1 மே 1979

அல்பி,

இந்தக் கடிதம் உனக்கு வியாழக்கிழமை கிடைத்துவிடும் என்று தபாலாபீஸில் சத்தியம் செய்கிறார்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்வாய். ரயில் டிக்கெட் எடுக்காதே. வங்கராட்டா ஸ்டேஷனில் பதினொரு மணிக்குக் காரோடு நிற்பேன். கடையில் வெள்ளியும் சனியும் லீவு சொல்லிவிட்டேன். யாக்கண்டாண்டாவில் ஓர் இரவுக்கும் சில்டர்னில் ஓர் இரவுக்கும் அறை கேட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை வீடு. வழியில் ஏதாவது தோட்டம் கண்ணில் பட்டால் எனக்குப் பயம் வரும், வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், மனதுக்குள் வைத்துக்கொள்ள மாட்டேன். உனக்கு ஆசை வந்தாலும் அதேபோலச் சொல்லிவிடு. கார் முழுக்க இப்படியே புலம்பிக்கொண்டு போவோம், வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

உன் கடிதத்தை க்வெண்டா நேற்று எடுத்துக்கொண்டு வந்தாள். வாசல் கேட்டருகிலேயே நின்று முழுதும் படித்தாளாம், பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது துக்கச் செய்தியா என்று கேட்டாராம். என் எதிரே உட்கார்ந்தாள். அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, நூலகத்தில் பேசுகிற குரலில் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"திங்கள் மட்டும். வியாழன் இப்ப இல்ல, எங்க மாமியார் பார்த்துக்கட்டும். முதல் ரெண்டு மாசம் நீயும் கூட இருக்கணும். கார்ல எங்கயும் கூட்டிட்டுப் போகக் கூடாது, தள்ளுவண்டிதான். ஒரு சொட்டு உள்ள போனாலும் அன்னிக்கே அவர் எனக்கு போன் பண்ணிச் சொல்லணும். சொன்னா நான் கத்துவேன், ஆனா அடுத்து என்னன்னு சேர்ந்து பார்ப்போம். மறைச்சாருன்னா முடிஞ்சது."

இதில் பேரம் பேசாதே. நானும் பேசவில்லை. திங்கள்கிழமைகளில் கடைக்கு வர முடியாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

வரும் திங்கள் காலை எட்டு மணிக்கு அவளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நேற்று முதல் தடவையாக மசித்த பூசணிக்காய் கொடுத்துப் பார்த்தோம். மூன்று கரண்டி சமர்த்தாக வாங்கிக்கொண்டாள், நான்காவதை நேராக நம் மாப்பிள்ளை நெவிலின் வெள்ளைச் சட்டையில் துப்பினாள். உன்னிடம் பழைய சட்டை ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் அந்தப் பறிப்புச் சட்டையைத் தூக்கி எறிந்துவிடாமல் கொண்டு வா.

உன் கோரலி